பூஜ்ஜியம் தொலைந்த பார்சல்: கட்டளை வரி ஆப்ஷன்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

சிங்கப்பூரில் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் இருக்கும் தெருவுக்குக் கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்று பெயர். அதன் அஞ்சல் குறியீடு 069184. போன தீபாவளிக்குச் சித்தி வீட்டில் செய்த அதிரசத்தில் ஒரு டப்பா அங்கே கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் போக வேண்டியிருந்தது. பார்சலில் ஒட்டிய சீட்டை அச்சிட்டது நான் எழுதிக் கொடுத்த சின்னப் பைதான் ஸ்கிரிப்ட். யூனிட் எண்ணும் அஞ்சல் குறியீடும் மட்டும் போதும் என்று நினைத்து அவற்றை மட்டும் அச்சிட வைத்திருந்தேன். சீட்டில் 69184 என்று விழுந்திருந்தது. முன்னால் நிற்க வேண்டிய பூஜ்ஜியத்தைக் காணோம். மூன்றாம் நாள் பார்சல் உட்லண்ட்ஸில் இருக்கும் சித்தி வீட்டுக்கே திரும்பி வந்தது. அதிரசத்தின் எண்ணெய் சீட்டு வரைக்கும் ஊறியிருந்தது.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்லப்பா, வேற டப்பா கட்டிக்கலாம்" என்றார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அவர் மகள்தான் விடவில்லை. "நான் பூஜ்ஜியத்தோடதான் அடிச்சேன், அண்ணே. அது எங்க போச்சு?" நல்ல கேள்வி. அவளுக்கு உட்கார்ந்து விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பைதான் கொஞ்சம் தெரிந்து, டெர்மினலில் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். மீதியைச் சேர்ந்தே பார்க்கலாம். பைதான் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில், ஆப்ஷன் என்றால் என்ன? தேக்கா நிலையத்தில் ஏதாவது ஒரு பானக் கடை முன்னால் போய் நில்லுங்கள். "தே" என்று மட்டும் சொன்னால் கெட்டிப்பாலும் சர்க்கரையும் போட்ட தேநீர் வரும். "தே ஓ" என்றால் பால் இல்லை. "தே சி" என்றால் எவாப்பரேட்டட் பால். கூடவே "கோசோங்" என்றால் சர்க்கரை கிடையாது, "பெங்" என்றால் ஐஸ். ஆக, "தே ஓ கோசோங் பெங்" என்பது நான்கே சொல்லில் ஒரு முழுக் கட்டளை. என்ன வேண்டும் என்பது முதல் சொல். அது எப்படி இருக்க வேண்டும் என்பது பின்னால் வருபவை. ஒன்றும் சொல்லாவிட்டால் கடைக்காரர் வழக்கமானதைப் போட்டுவிடுவார்.

கட்டளை வரியிலும் இதே ஏற்பாடுதான். எங்கள் ஸ்கிரிப்டை இப்படி ஓட்டுவோம்:

பைதான் பொட்டலம்.பை அதிரசம் --எண்ணிக்கை 3 --அஞ்சல் 069184

இதில் அதிரசம் என்பது இடத்தை வைத்துப் புரிந்துகொள்ளப்படுவது. முதலில் வருவதால் அதுதான் பலகாரம். எண்ணிக்கையும் அஞ்சலும் பெயர் சொல்லிக் கொடுக்கப்படுபவை. இவற்றைத்தான் ஆப்ஷன் என்கிறோம். பெயர் இருப்பதால் எந்த வரிசையில் கொடுத்தாலும் சரி. எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன்.

இந்த வரியைப் படித்து, எது எந்த ஆப்ஷன், எது அதன் மதிப்பு என்று பிரித்துக் கொடுப்பதற்கென்றே லைப்ரரிகள், அதாவது மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள், இருக்கின்றன. "ஒரு லூப் போட்டு நாமே பிரிச்சிக்கலாமே" என்று தங்கை கேட்டாள். பிரிக்கலாம். இரண்டு ஆப்ஷன் இருக்கும் வரைக்கும் அது நன்றாகவே ஓடும். மூன்றாவது வரும்போது மதிப்பு கொடுக்க மறந்தவர்களைக் கவனிக்க வேண்டும். நான்காவதில் சமக்குறி போட்டு எழுதுபவர்கள் வருவார்கள். அப்புறம் உதவிக் குறிப்பு எழுத வேண்டும், அதை ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். லைப்ரரியிடம் ஆப்ஷன்களின் பட்டியலைச் சொல்லிவிட்டால் உதவிக் குறிப்பை அதுவே தயாரித்துவிடுகிறது. மைனஸ் எச் என்று தட்டினால் முழுப் பட்டியலும் வந்து நிற்கும்.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகத்தில் ஒவ்வொரு கட்டளையும் ஆரம்பத்தில் தன் இஷ்டத்துக்கு வரியைப் படித்தது. டார் கட்டளை கோடே இல்லாமல் எழுத்துகளை வாங்கிக்கொள்வதும், ஃபைண்ட் ஒற்றைக் கோட்டுக்குப் பின்னால் முழுச் சொல்லை எதிர்பார்ப்பதும் அந்தக் காலத்தின் மிச்சம். கெட்ஆப்ட் என்ற பொதுவான நிரலை ஏடி அண்டு டி நிறுவனம் 1985ல் எல்லோரும் பயன்படுத்தும்படி பொதுவில் விட்டது. இரட்டைக் கோடு போட்ட நீண்ட பெயர்களைப் பரப்பியவர்கள் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தார். பைதானில் 2003ல் ஆப்ட்பார்ஸ் வந்தது. ஸ்டீவன் பெதார்ட் எழுதிய ஆர்க்பார்ஸ் 2010ல் பைதான் 2.7 உடன் சேர்ந்தது. இன்றைக்கு எதையும் கூடுதலாக நிறுவாமல் கையில் கிடைப்பது அதுதான். கிளிக், டைப்பர் என்று வெளியாட்கள் எழுதிய அருமையான லைப்ரரிகளும் உண்டு. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்கள் ஆர்க்பார்ஸில் தொடங்குவது நல்லது என்பேன். மற்றவை எதை எளிதாக்குகின்றன என்பது இதைப் பழகியவர்களுக்குச் சட்டென்று புரியும்.

சரி, பூஜ்ஜியம் எங்கே போனது?

அஞ்சல் என்ற ஆப்ஷனை அறிவிக்கும்போது அதன் வகையை இன்ட் என்று கொடுத்திருந்தேன். எண்தானே என்ற நினைப்பு. கட்டளை வரியில் வருவதெல்லாம் எழுத்துச் சரம்தான். வகையை இன்ட் என்று சொன்னால், லைப்ரரி அந்தச் சரத்தை முழு எண்ணாக மாற்றிக் கொடுக்கும். 069184 முழு எண்ணானால் அறுபத்தொன்பதாயிரத்து நூற்று எண்பத்து நான்கு. எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை, அது உதிர்ந்துவிட்டது. லைப்ரரி கேட்டதைத்தான் செய்தது. சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். ரேஃபிள்ஸ் பிளேஸ், தஞ்சோங் பகார் போன்ற நகர மையப் பகுதிகளில் அது பூஜ்ஜியத்தில் தொடங்கும். நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் உட்லண்ட்ஸ் குறியீடுகளை வைத்து. அவை 73ல் தொடங்குபவை. ஒரு தவறும் தெரியவில்லை.

கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண் அல்ல. அஞ்சல் குறியீடு, தொலைபேசி எண், அடையாள அட்டை எண் எல்லாமே இலக்கத்தில் எழுதப்பட்ட பெயர்கள். அவற்றைச் சரமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்க்பார்ஸில் அழகான ஒரு வசதி இருக்கிறது. வகை என்று கேட்கும் இடத்தில் நாமே எழுதிய செயற்கூறு ஒன்றின் பெயரைக் கொடுக்கலாம். இப்போது அஞ்சலுக்கு அப்படி ஒன்று வைத்திருக்கிறேன். வந்த சரத்தில் சரியாக ஆறு இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதையே திருப்பித் தரும். இல்லாவிட்டால் ஆர்க்யுமென்ட்டைப்எரர் என்ற பிழையை எழுப்பும். அந்தப் பிழையோடு தமிழில் எழுதிய செய்தி அப்படியே திரையில் வருகிறது: "அஞ்சல் குறியீட்டில் 6 இலக்கம் வேண்டும், நீங்கள் கொடுத்தது 5." சீட்டு அச்சாவதற்கு முன்னாலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும், வெளியேறும்போது குறியீடாக 2 என்ற எண்ணையும் விட்டுச் செல்லும். வேறொரு நிரல் இதை ஓட்டுகிறது என்றால் அந்த 2ஐப் பார்த்து ஏதோ தவறு என்று தெரிந்துகொள்ளும்.

இங்கே ஒரு சின்னச் சந்தோஷம். பைதானின் இன்ட், தமிழ் எண்களையும் படிக்கும். எண்ணிக்கைக்கு ௧௨ என்று கொடுத்தால் பன்னிரண்டு என்றே எடுத்துக்கொள்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அஞ்சல் குறியீட்டைச் சரிபார்க்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். எல்லாம் இலக்கம்தானா என்று பார்க்கும் இஸ்டிஜிட்டை மட்டும் கேட்டால் தமிழ் இலக்கங்களுக்கும் ஆம் என்றே பதில் வரும். பார்சல் கொண்டு போகிறவருக்கு ௦௬௯௧௮௪ என்று அச்சிட்டுக் கொடுக்க முடியாது. தமிழ் எழுத்துகளை ஏற்காத இஸ்ஆஸ்கி என்ற சோதனையையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆம், இல்லை என்று பதில் வரும் ஆப்ஷனிலும் இதே வகைச் சிக்கல் காத்திருக்கிறது. அவசரம் என்ற ஆப்ஷனுக்கு வகை பூல் என்று வைத்தால் போதும் என்று தோன்றும். அப்படி வைத்துவிட்டு --அவசரம் இல்லை என்று தட்டிப் பாருங்கள். ஸ்கிரிப்ட் அவசரம் என்றே எடுத்துக்கொள்ளும். காலியாக இல்லாத எந்தச் சரமும் பைதானுக்கு உண்மைதான். "இல்லை" என்ற சொல்லும் எழுத்துகள் உள்ள சரம்தானே. இதற்கு ஸ்டோர்_ட்ரூ என்ற செயலைப் பயன்படுத்த வேண்டும்: பெயர் வந்தால் ஆம், வராவிட்டால் இல்லை, மதிப்பே கிடையாது. 2020ல் வந்த பைதான் 3.9ல் பூலியன்ஆப்ஷனல்ஆக்‌ஷன் என்று இன்னொன்று சேர்ந்தது. ஒரே அறிவிப்பில் ஆம் என்பதற்கு ஒரு பெயர், இல்லை என்பதற்கு நோ என்ற முன்னொட்டோடு ஒரு பெயர் என இரண்டையும் தருகிறது. தமிழ்ப் பெயர் வைத்தால் அந்த நோ மட்டும் ஆங்கில எழுத்தில் முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். "அவசரமில்லை" என்று வர ஆசைப்பட்டால் அந்தச் செயலை நாமே எழுத வேண்டியதுதான்.

பார்சல் திரும்பி வந்த பிறகு முழு முகவரியையும் சீட்டில் போட முடிவு செய்தேன். அங்கேதான் லைப்ரரிக்கு முன்னால் இன்னொருவர் நிற்கிறார் என்பது தங்கைக்குத் தெரியவந்தது. நாம் தட்டும் வரியை முதலில் படிப்பது ஷெல். அது இடைவெளி கண்ட இடத்தில் வெட்டி, துண்டு துண்டாகத்தான் நம் ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும். --முகவரி கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்று எழுதினால் முகவரிக்குக் கடையநல்லூர் மட்டும்தான் போய்ச் சேரும். ஸ்ட்ரீட் தனியாக நிற்கும்; அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் லைப்ரரி பிழை சொல்லும். மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் ஷெல் வெட்டாது.

இதைவிட நம்மூர்க்காரர்களுக்கென்றே வரும் ஒரு சிக்கல் யூனிட் எண். நாம் எல்லோரும் #05-123 என்றுதான் எழுதிப் பழகியிருக்கிறோம். பாஷ் ஷெல்லில் ஒரு சொல் # குறியில் தொடங்கினால், அதிலிருந்து வரி முடியும் வரை எல்லாமே குறிப்புரை. ஷெல் அதைக் கண்டுகொள்ளாது. ஆக, இப்படித் தட்டினால்:

பைதான் பொட்டலம்.பை முறுக்கு --யூனிட் #05-123 --அஞ்சல் 069184

யூனிட்டுக்குப் பின்னால் இருப்பது எதுவுமே ஸ்கிரிப்டுக்கு வந்து சேராது. அஞ்சல் குறியீடும் சேர்ந்து போய்விடும். யூனிட்டுக்கு மதிப்பு தரவில்லை என்று லைப்ரரி சொல்லும்போது, கண்ணுக்கு எதிரே மதிப்பு இருக்கிறதே என்று குழம்பிப் போவோம். தங்கை இதில் ஒரு மணி நேரத்தைச் செலவழித்தாள். மேற்கோள் குறி போடலாம். இல்லாவிட்டால் --யூனிட்=#05-123 என்று சமக்குறியோடு சேர்த்து எழுதலாம்; அப்போது # குறி சொல்லின் நடுவில் வருவதால் பாஷ் அதை விட்டுவிடும். ஏதாவது விசித்திரமாகத் தோன்றினால் ஷெல் கொடுத்த துண்டுகளின் பட்டியலான சிஸ்.ஆர்க்வியை ஸ்கிரிப்டின் முதல் வரியில் அச்சிட்டுப் பாருங்கள். ஷெல் என்ன கொடுத்தது, லைப்ரரி என்ன செய்தது என்று அங்கேயே பிரிந்துவிடும்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

பானக் கடையில் நல்ல அங்கிள் ஒருவர் இருந்தால், சத்தத்தில் நாம் சொன்னது பாதி காதில் விழுந்தாலும் கலக்கிவிட மாட்டார். "ஓவா, சியா?" என்று கேட்பார். இன்னொருவர் தானே ஊகித்து ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார். ஊகம் பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கலாம். பத்தாவது முறை, சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் கையில் கெட்டிப்பால் தேநீர் இருக்கும். ஆப்ஷன்களைப் பிரிக்கும் லைப்ரரி முதலாமவரைப் போல இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆர்க்பார்ஸ் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஓ, சி என்ற இரண்டும் சேர்ந்து வரக்கூடாது என்று ஒரு குழுவாக அறிவித்துவிட்டால், இரண்டையும் கொடுப்பவரை நிறுத்திக் கேட்கும். ஆனால் ஓரிடத்தில் அது ஊகிக்கிறது.

நீண்ட பெயர்களை முழுதாகத் தட்ட வேண்டியதில்லை. --முகவரி என்பதற்கு --மு என்று தட்டினாலும், மு என்று தொடங்கும் ஆப்ஷன் ஒன்றே ஒன்று இருந்தால் அதுதான் என்று எடுத்துக்கொள்ளும். வசதிதானே? தங்கை இதைக் கண்டுபிடித்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி என்று கோப்பில் சேமித்த கட்டளைகளில் எல்லாம் --மு என்றே எழுதிவிட்டாள். பிறகு ஒருநாள் முன்பணம் என்ற ஆப்ஷனைச் சேர்த்தேன். அவள் சேமித்த எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் நின்றன. --மு என்பது முகவரியா முன்பணமா என்று லைப்ரரிக்குத் தெரியவில்லை, பிழை சொன்னது.

அது நல்ல முடிவு. நிறுத்திக் கேட்டதே. இதன் மோசமான வடிவம் வேறு. முகவரி என்பதை விலாசம் என்று பெயர் மாற்றிவிட்டு முன்பணத்தைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மு என்று தொடங்குவது முன்பணம் ஒன்றுதான் என்பதால் பழைய --மு சத்தமில்லாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். முன்பணம் என்ற இடத்தில் கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்று அச்சாகி, விலாசம் காலியாக இருந்திருக்கும்.

இந்தச் சுருக்கப் பழக்கத்தை அணைக்க அலவ்_அப்ரெவ் என்ற சுவிட்ச் 2015ல் பைதான் 3.5ல் வந்தது. இதை ஃபால்ஸ் என்று கொடுத்தால் முழுப் பெயரை மட்டும்தான் ஏற்கும். இந்தச் சுவிட்சின் கதையே லைப்ரரிகளை மேம்படுத்துவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைக் காட்டும். முதலில் இதை அணைத்தபோது, நீண்ட பெயர்ச் சுருக்கத்தோடு சேர்ந்து, ஒற்றைக் கோட்டு ஆப்ஷன்களைச் சேர்த்து எழுதும் வழக்கமும் அணைந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு விஷயம். 2019ல் வந்த 3.8ல்தான் அது சரிசெய்யப்பட்டது. இன்றுவரை சுருக்கம் திறந்த நிலையில்தான் வருகிறது. ஏன் அணைத்துக் கொடுக்கக் கூடாது என்று தங்கை கேட்டாள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் சேமித்து வைத்த வரிகளில் அவளுடைய --மு மாதிரி சுருக்கங்கள் கிடக்கும். ஒரே நாளில் அவ்வளவும் நின்றுவிடும்.

இதனால்தான் ஆர்க்பார்ஸில் பிறகு சேர்ந்த நல்ல குணங்கள் பல, அணைத்த நிலையிலேயே நம் கைக்கு வருகின்றன. யாரும் சொல்லித் தராவிட்டால் அவை இருப்பதே தெரியாது. புதிதாகப் பழகுபவர்களுக்கு என் வேண்டுகோள் இது: பார்சரை, அதாவது வரியைப் பிரிக்கும் ஆர்க்பார்ஸ் பொருளை, உருவாக்கும் அந்த முதல் வரியிலேயே அலவ்_அப்ரெவை அணையுங்கள். பைதான் 3.14 வைத்திருந்தால் சஜெஸ்ட்_ஆன்_எரரைப் போடுங்கள். இது 2025ல் வந்தது. பலகாரத்தின் பெயர் முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று சாய்ஸஸில் அறிவித்திருக்கிறேன். யாராவது அவசரத்தில் புள்ளியை விட்டு "அதிரசம" என்று தட்டினால், வெறுமனே தவறு என்று சொல்லாமல் "அதிரசம்" என்பதைச் சொல்ல வந்தீர்களா என்று கேட்கிறது. தானாகத் திருத்திக்கொண்டு ஓடிவிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டுவிட்டு நிற்கிறது. அந்த நல்ல அங்கிளைப் போலவே.

பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. வைக்கலாம், நான் வைத்திருக்கிறேன். சித்திக்கு அது பெரிய வித்தியாசம். உதவிக் குறிப்பை இப்போது அவரே படிக்கிறார். ஆனால் லைப்ரரி தமிழ் எழுத்தை நம்மைப் போலப் பார்ப்பதில்லை. முகவரி என்பது நமக்கு நான்கு எழுத்து, பைதானுக்கு ஆறு. மு என்பதை ம, உகரக் குறி என இரண்டாகவும், ரி என்பதை ர, இகரக் குறி என இரண்டாகவும் எண்ணுகிறது. உதவிக் குறிப்பில் பத்திகள் ஒன்றின்கீழ் ஒன்று நேராக நிற்காமல் கோணலாவதற்கு இதுதான் காரணம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கோட்டுச் சுருக்கத்தில் இது உண்மையான தொல்லை. மாதம் என்ற ஆப்ஷனுக்கு -ம என்று சுருக்கம் வைத்திருந்தேன். பழக்கத்தில் -மா என்று தட்டினேன். லைப்ரரி அதை -ம என்ற ஆப்ஷன், அதற்கு மதிப்பு வெறும் கால் குறி என்று பிரித்துவிட்டது. அந்தக் கால் முழு எண்ணில்லை என்று பிழை வந்தது. திரையில் தனியாக ஒரு கால், புள்ளி வட்டத்தோடு! அன்றிலிருந்து தமிழ்ப் பெயர்களுக்கு ஒற்றைக் கோட்டுச் சுருக்கம் வைப்பதை விட்டுவிட்டேன். முழுப் பெயர் மட்டும்தான்.

இன்னொன்று தொகை என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. தொ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். லைப்ரரி குறிகளை அப்படியே ஒப்பிடுவதால், ஒரு வகையில் அறிவித்து இன்னொரு வகையில் தட்டினால் --தொகை என்ற ஆப்ஷனே இல்லை என்று சொல்லும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. யூனிகோட்டேட்டா என்ற லைப்ரரியின் நார்மலைஸ் வழியாக வரியின் துண்டுகளை, இரண்டு குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதற்கப்புறம் ஆர்க்பார்ஸிடம் கொடுங்கள். ஒரே வரி வேலை. தமிழில் ஆப்ஷன் பெயர் வைப்பவர்கள் தவறாமல் செய்ய வேண்டியது இது.

உதவிக் குறிப்பும் காலப்போக்கில் நல்லபடி மாறியிருக்கிறது. 2021 வரைக்கும் ஆப்ஷன்களின் பட்டியலுக்கு மேலே, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி என்று பொருள்படும் தலைப்பு இருந்தது. ரிக்வயர்ட் என்று அறிவித்துக் கட்டாயமாக்கிய ஆப்ஷனும் அதே தலைப்பின்கீழ்தான் நிற்கும். படிப்பவர் எதை நம்புவார்? 3.10ல் அதை ஆப்ஷன்கள் என்று மட்டும் மாற்றினார்கள். 3.14ல் வண்ணமும் வந்துவிட்டது.

கடைசியாக, பெயர் மாற்றம். சித்தி வீட்டில் யாரும் முகவரி என்று சொல்வதில்லை; விலாசம் என்றுதான் சொல்வார்கள். ஸ்கிரிப்டிலும் அப்படியே இருக்கட்டும் என்று சித்தி கேட்டார். தங்கை சேமித்த வரிகளை நினைத்துத் தயங்கினேன். 2024ல் வந்த பைதான் 3.13ல் இதற்கு வழி இருக்கிறது. ஆப்ஷனை அறிவிக்கும்போது டெப்ரிகேட்டட் என்று குறித்துவிட்டால், பழைய பெயரைப் பயன்படுத்துபவருக்கு இது போகப் போகிறது என்று ஓர் எச்சரிக்கை வரும். வேலை நிற்காது, சீட்டு எப்போதும்போல அச்சாகும். --விலாசம் என்று ஒன்றும், --முகவரி என்று தனியாக இன்னொன்றும் அறிவித்து, மதிப்பு எந்தப் பெயரில் சேர வேண்டும் என்று சொல்லும் டெஸ்ட் (dest) என்ற இடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தேன். இரண்டாவதை மட்டும் அப்படிக் குறித்தேன். இரு பெயரையும் ஒரே அறிவிப்பில் போட்டால் இரண்டுக்கும் எச்சரிக்கை வந்துவிடும், அதனால்தான் தனித்தனி.

தங்கை தன் கோப்பில் ஒவ்வொரு வரியாக மாற்றிக்கொண்டு வருகிறாள். நேற்று இரவு பதினேழு பாக்கி என்று செய்தி அனுப்பியிருந்தாள். அடுத்த தீபாவளி பார்சல் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு --முகவரியை எடுத்துவிடுவேன். அதுவரை இரண்டும் இருக்கும்.